சாவடிப் பொறுப்பாளருக்கு இரண்டு தெனாரியம்

முதியோர் இல்லங்களில் பணிபுரியும் ஆயாக்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் நாவில் தவறாமல் வந்து அமரும் சொல் ஒன்று உண்டு. 'தொண்டு' என்பதே அது. 'இவர்கள் செய்வது வேலையா? தொண்டல்லவா!' என்று மேடையில் மொழிகிறோம், பொன்னாடையும் போர்த்துகிறோம். கேட்பதற்கு இனிய இச்சொல் இன்று ஒரு திரையாகிவிட்டது என்பதே என் வாதம். குறைந்த கூலி, வார ஓய்வற்ற உழைப்பு, உட்கார இடமில்லாத இரவுகள் ஆகியவற்றை அத்திரைக்குப் பின்னே தள்ளிவிட்டுத் திரையின் அழகை நாம் புகழ்ந்துகொண்டிருக்கிறோம்.

இளையரசனேந்தல் வட்டாரத்துக் கரிசல் ஊர்களை அறிந்தவர்களுக்கு இதன் பின்னணி புரியும். மானாவாரி நிலம் மழையை நம்பியது. மழை பொய்த்தபோது பிள்ளைகள் கோவையையும் திருப்பூரையும் சென்னையையும் நம்பிப் புறப்பட்டார்கள். பல வீடுகளில் எஞ்சியிருப்போர் முதியவர்களே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கு மேல். தமிழக மக்களில் 2021-இல் 13.6 விழுக்காடாக இருந்த முதியோரின் பங்கு 2031-இல் 18.2 விழுக்காடாக உயரும் என்பது மத்திய அரசின் வல்லுநர் குழு செய்த கணிப்பு. இவர்களைத் தூக்கி அமர்த்தவும் குளிப்பாட்டவும் சோறூட்டவும் கைகள் வேண்டும். அந்தக் கைகள் பெரும்பாலும் ஏழைப் பெண்களின் கைகள். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கும் பெண்ணுக்கு, கட்டை ஒன்றுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கேட்கக் கூலி உண்டு. படுக்கையிலிருக்கும் பெரியவரைத் துடைத்துவிடும் பெண்ணுக்கு எண்ணிக்காட்ட எதுவும் இல்லை. எண்ண முடியாத உழைப்பை ஏய்ப்பது எளிது.

எனினும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது பேர் தங்கும் ஒரு கூடம். அவர்களுள் பத்துப் பேர் படுத்த படுக்கையாய் இருப்பவர்கள். படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்களைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது மருத்துவத் துறையின் நெடுநாள் வழக்கம். ஒருவரைத் துடைத்து, துணி மாற்றி, திருப்பிவிடப் பத்து நிமிடம் ஆகும் என்று கொண்டால், பத்துப் பேருக்கு நூறு நிமிடம். எஞ்சுவது இருபது நிமிடம். உடனே மறு சுற்று தொடங்கிவிடும். ஒற்றை ஆயாவை இரவுப் பணியில் விட்டுவிட்டு, காலையில் 'ஏன் முகத்தில் சிரிப்பே இல்லை?' என்று கேட்பது அறமாகுமா? அவள் கடுமையாக ஒரு சொல் சொல்லிவிட்டால் அவளைக் குற்றவாளியாக்குகிறோம். அச்சொல்லை அவள் வாயில் வைத்த கணக்கேட்டை யாரும் புரட்டுவதில்லை.

சட்டமும் இங்கே பாதி வழியில் நின்றுவிடுகிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஓர் இல்லமேனும், அதில் 150 பேர் தங்க இடமும் பற்றிப் பேசுகிறது. அந்த 150 பேரைப் பராமரிப்போரின் ஊதியத்தைப் பற்றியோ ஓய்வைப் பற்றியோ அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

சட்டம் மறந்ததை நற்செய்தி மறக்கவில்லை. நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! குருவையும் லேவியரையும் சாடுகிறோம், சமாரியரைப் போற்றுகிறோம், சாவடிப் பொறுப்பாளரை மட்டும் கடந்து போய்விடுகிறோம். காயமுற்றவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அவரன்றோ? சமாரியர் அவரிடம், 'இது இறைப்பணி, இலவசமாகச் செய்யும்' என்று சொல்லவில்லை. இரண்டு தெனாரியத்தை எடுத்துக் கொடுத்தார். அது அக்காலத்துத் தொழிலாளி ஒருவரின் இரண்டு நாள் கூலி. மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்களித்தார். தம் இரக்கத்திற்கான செலவை அவர் பிறர் தலையில் ஏற்றவில்லை. ஆயாவின் கூலியைக் குறைத்து நடத்தப்படும் இல்லத்திலோ, கொடையாளர் பலகையில் பொறிக்கப்படாத முதற்கொடையாளர் அந்த ஆயாதான். அதுவும் அவளைக் கேளாமலே பறிக்கப்பட்ட கொடை.

'அருள்சகோதரிகள் ஊதியமின்றித்தானே உழைக்கிறார்கள்?' என்று கேட்போர் உண்டு. உழைக்கிறார்கள், அவர்களை வணங்குகிறேன். ஆனால் அவர்கள் தாமே விரும்பி வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். அவர்கள் முதுமையடையும்போது தாங்கிக்கொள்ளச் சபை இருக்கிறது. முப்பது ஆண்டுகள் பிறருடைய பெற்றோரைத் தூக்கித் தூக்கி முதுகு ஒடிந்த ஆயாவுக்கு எந்தச் சபை இருக்கிறது? துறவு மேற்கொண்டவரின் ஏழ்மை ஒரு வரம். அதே ஏழ்மையைக் குடும்பப் பெண்மீது சுமத்துவது அநீதி.

முதியோர் பணிக்கென்றே சபை கண்ட புனித ழான் ஜுகனின் வாழ்வை இங்கே நினைவுகூரலாம். 1792-இல் பிரான்சின் பிரித்தானி கடற்கரையில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர்; சமையற்கட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவர். செயின்ட் செர்வான் நகர மருத்துவமனையில் ஆறு ஆண்டுகள் உழைத்து, உடல் தளர்ந்து, அப்பணியையே விட்டு விலக நேர்ந்தவர். ஓய்ந்துபோன ஒரு பராமரிப்புப் பணியாளர்தான் 1839-இன் குளிர்காலத்தில் பார்வையிழந்த மூதாட்டி ஒருவரை வீட்டுக்குக் கொணர்ந்து தம் கட்டிலைக் கொடுத்தார். பின்னர் சபைத் தலைமையிலிருந்து ஒதுக்கப்பட்டு, 1879-இல் இறந்தபோது, தம்முடன் வாழ்ந்த இளம் சகோதரிகள் பலருக்கே இவர்தாம் நிறுவுநர் என்பது தெரியாது. 2009-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. உழைத்தவரை மறக்கும் நோய் நமக்குப் புதிதன்று என்பதற்கு இவ்வரலாறே சான்று.

'பணத்துக்கு எங்கே போவது?' என்பது அடுத்த கேள்வி. இக்கேள்வியில் உண்மை உண்டு. பல இல்லங்கள் மாதக் கடைசியில் திண்டாடுகின்றன. ஆனால் திருச்சபைச் சட்டம் 1286, திருச்சபைச் சொத்துக்களை நிர்வகிப்போர் நாட்டின் தொழிலாளர் சட்டங்களைப் பின்பற்ற வேண்டும் என்றும், பணியாளர் தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் காத்துக்கொள்ளத்தக்க நேரிய ஊதியம் வழங்க வேண்டும் என்றும் பணிக்கிறது. 'வசதியிருந்தால்' என்ற விலக்கு அதில் இல்லை. ஆகவே பொறுப்பு நிர்வாகியோடு நின்றுவிடாமல் நம் அனைவரையும் தொடுகிறது. பிறந்தநாள், திருமணநாள், நினைவுநாள் என்று இல்லத்துக்குப் பிரியாணி கொண்டுசெல்லும் பொதுநிலையினரே! சில நாட்களில் இரண்டு குடும்பங்களின் உணவு ஒரே வேளையில் வந்து வீணாகிறது. பரிமாறுவதைப் படம் எடுக்கிறோம். 'இம்மாத ஆயாக்களின் ஊதியத்துக்கு என் பங்கு இது' என்று உறையில் வைத்துக் கொடுத்தவர் நம்மில் எத்தனை பேர்? ஊதியத்தைப் படம் எடுக்க முடியாது என்பதுதான் தடையோ?

கூலி மட்டும் போதாது; கூட்டுறவும் வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாளை ஏற்படுத்தினார். ஜூலை நான்காம் ஞாயிறன்று முதியோருக்கு மாலையும் இனிப்பும் தருகிறோம். ஆயாக்கள் சுவரோரம் நிற்கிறார்கள். கடைகளில் நின்றே வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழக சட்டமன்றம் 2021-இல் சட்டம் இயற்றியது. நம் இல்லத்துக் கூடத்தில் இரவுப் பணியாளருக்கு ஒரு நாற்காலி உண்டா? அவர்கள் உண்பது அதே பந்தியிலா, அடுக்களை மூலையிலா? இரண்டாண்டு காலம் தாயைப்போல் பேணிய ஒரு பாட்டி இறக்கும்போது, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முன்வரிசை கிடைக்கிறது. ஆயாவோ அடக்கத் திருப்பலிக்கும் வர முடியாமல் அடுத்தவருக்குக் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் அழுவதற்கு அரை நாள் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பணியாளரை மதிக்கும் இல்லத்தில் என்ன நிகழக்கூடும் என்பதற்கு 2020-இன் கொள்ளைநோய்க் காலம் ஓர் எடுத்துக்காட்டைத் தந்தது. பிரான்சின் லியோன் நகரருகே கோர்பா ஊரிலுள்ள விலனோவா இல்லத்தில், பணியாளர் 29 பேர் தாமாக முன்வந்து, நூற்றுக்கு மேற்பட்ட முதியோருடன் உள்ளேயே தங்கினார்கள்; அந்த அடைப்பு 47 நாட்கள் நீடித்தது. தரையில் மெத்தை விரித்து உறங்கினார்கள். அந்நாட்களில் நோய் அவ்வில்லத்துள் நுழையவில்லை. அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தியாகம் விரும்பித் தரப்படும்போதே தியாகம். வேறு வழியின்றி வாங்கப்படும்போது அது சுரண்டல்.

ஆகவே, முதியோர் இல்லத்துக்கு நன்கொடை தரும் ஒவ்வொருவரும், உறவினரை அங்கே சேர்க்கும் ஒவ்வொருவரும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டுகிறேன். ஊதியம் எழுத்தில் உண்டா? வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டா? இரவில் ஒரு கூடத்துக்கு எத்தனை பேர்? பணியாளர் முதுமையடைந்தால் அவர்களுக்கு ஏற்பாடு என்ன? கேட்பது நிர்வாகிகளுக்குச் சங்கடமாக இருக்கலாம். கேட்டபின் பணப்பையைத் திறக்க வேண்டியிருப்பதால் நமக்கும் சங்கடம்தான். கொடாத கூலி கூக்குரலிடுகிறது, அக்குரல் படைகளின் ஆண்டவரின் செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு திருமுகம் எச்சரிக்கிறது. ஆண்டவர் செவிசாய்க்கும் அக்குரல், நம் பெற்றோர் உறங்கும் கூடத்திலிருந்து எழுவதாக இருக்கக் கூடாது.