முதுகு பஞ்சரும் வீடியோ கேமும்

பெங்களூரில் இருக்கும் பெண் வயிற்றுப் பேரன் முழுப் பரீட்சை லீவுக்கு வந்திருக்கிறான். வரும்போதே அவன் அப்பா வெளிநாட்டில் வாங்கிக் கொடுத்த ஸ்விட்ச் என்கிற விளையாட்டுப் பெட்டியையும் கொண்டு வந்துவிட்டான். நம் வயதுக்காரர்கள் இந்த இடத்தில் என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "அந்தக் காலத்தில் நாங்கள் வெயிலில் ஓடி விளையாடினோம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்." நானும் இரண்டு முறை அப்படி எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை கொஞ்சம் மாற்றி எழுத வேண்டியதாகிவிட்டது. காரணம் என் தம்பி.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். இப்போது பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் எறிபந்து என்றால் வலை கட்டி ஆடும் த்ரோபால். நான் சொல்வது அது இல்லை. பந்தால் ஆளையே அடிக்கிற விளையாட்டு. வெள்ளைக்காரர்கள் டாட்ஜ்பால் என்கிறார்கள். எங்கள் தெருவில் அதற்கு இரண்டு வகை உண்டு. நடுவில் கோடு போட்டு, இரண்டு கட்சியாகப் பிரிந்து, பந்து பட்டவன் வெளியே போவது ஒன்று. கட்சியே இல்லாமல், பந்து யார் கையில் கிடைக்கிறதோ அவன் கண்ணில் படுகிறவனை எல்லாம் முதுகில் போடுவது இன்னொன்று. அதுதான் முதுகு பஞ்சர்.

1960-களின் திருப்பூரில் ரப்பர் பந்து வாங்கக் காசு ஏது? ஆனால் பந்துக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. பனியன் கம்பெனி வாசலில் வேஸ்ட் மூட்டை இருக்கும். கட்டிங்கில் விழுந்த துண்டுகளை ஒரு பிடி அள்ளி வந்தால் போதும். பனியன் துணியை நீளவாட்டில் கிழித்து இழுத்தால் அது தானாகவே சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். அதைச் சுற்றிச் சுற்றி உருட்டி, மேலே பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி மாட்டினால் பந்து ரெடி. கெட்டிக்காரப் பையன்கள் உள்ளே ஒரு சிறு கல்லை வைப்பார்கள். அதைவிடக் கெட்டிக்காரர்கள் ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டியில் ஒரு முக்கு முக்கி எடுப்பார்கள். நனைந்த பனியன் பந்து முதுகில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று பட்டவனுக்குத்தான் தெரியும். இரண்டு நாளைக்குச் சிவந்த வட்டம் போகாது.

பேரன் காட்டிய கேமின் பெயர் சூப்பர் டாட்ஜ் பால். ஜப்பானில் டெக்னோஸ் என்ற கம்பெனி 1987-ல் காசு போட்டு ஆடும் பெட்டிகளுக்காகச் செய்தது. மறு வருஷம் வீட்டு டி.வி.யில் மாட்டி ஆடும் வகை வந்தது. 1989-ல் அமெரிக்காவுக்குப் போனது. 90-களில் நம் ஊரில் கேசட் போட்டு ஆடும் டி.வி. வீடியோ கேம் வீட்டுக்கு வீடு இருந்ததே, மரியோவும் கான்ட்ராவும் என்று பிள்ளைகள் மல்லுக்கு நின்றார்களே, அந்தக் காலத்துச் சரக்குதான் இதுவும். பழசையெல்லாம் தூசி தட்டி இப்போது புதுப் பெட்டியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் அமெரிக்கக் கட்சி நாடு நாடாகப் போய் ஆடுகிறது. இங்கிலாந்து, ஐஸ்லாந்து, சீனா, கென்யா, ஜப்பான், சோவியத் ரஷ்யா. ஐஸ்லாந்தில் தரை பனியாக வழுக்கும். இதில் இந்தியாவும் உண்டு! கேப்டன் பெயர் ராஜீவ். அந்த சமயத்தில் டில்லியில் பிரதமராக இருந்தவர் பெயரை ஜப்பான்காரன் அப்படியே எடுத்துப் போட்டுவிட்டான் போலிருக்கிறது. நம் ஆட்டக்காரர்களை ஆரம்பத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள். அதாவது சுலபமாக அடிக்கலாம் என்று நினைத்திருக்கிறார்கள். முதுகு பஞ்சர் ஆடிய ஊர்க்காரன் என்ற முறையில் இதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். தெரு விளையாட்டுகளில் எது வீடியோ கேமாக மாறும், எது மாறாது? எனக்குத் தெரிந்து கபடி மாறாது. கபடியின் உயிரே மூச்சில் இருக்கிறது. பாடிக்கொண்டு போகிறவனுக்கு மூச்சு முட்டும்போது அவன் கண்ணில் தெரியும் பாருங்கள், அதை எந்தப் பொத்தானில் வைப்பது? பம்பரமும் அப்படித்தான். சாட்டையைச் சுண்டி உள்ளங்கையில் வாங்கும் சுகம் கண்ணாடித் திரைக்கு வராது. தாயமும் கேரமும் எளிதில் மாறிவிட்டன. 2020 ஊரடங்கில் லூடோ கிங் ஆடாத வீடு உண்டா? அது மும்பைக்காரர்கள் செய்தது.

பந்தடி விளையாட்டு, நான் நினைத்ததற்கு மாறாக, மிக நன்றாகவே மாறுகிறது. ஒரு களம், ஒரு பந்து, நடுவில் ஒரு கோடு. செய்ய வேண்டியதும் கொஞ்சம்தான். எறி, பிடி, குனி, தாண்டு. கிரிக்கெட் கேம் ஆட வேண்டுமென்றால் பத்துப் பொத்தான் படிக்க வேண்டும். இதற்கு இரண்டு பொத்தான் போதும். அதோடு, பந்து வருகிறது, பிடிப்பதா விலகுவதா என்று அரைக்கால் நொடியில் முடிவு செய்கிறோமே, அந்தப் பதற்றம் திரையிலும் அப்படியே இருக்கிறது. ஓடி வந்து எறிந்தால் பந்து வேகமாகப் போகும், எகிறி எறிந்தால் வேறு மாதிரி போகும் என்று வைத்திருக்கிறார்கள். களத்துக்கு வெளியே நிற்கும் மூன்று பேரும் பின்னால் இருந்து அடிக்கலாம். செய்தவன் ஆடிப் பார்த்துச் செய்திருக்கிறான்.

ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தெருவில் பட்டால் அவுட். இங்கே பட்டால் சக்தி குறையும். முழுதும் தீர்ந்த பிறகுதான் ஆள் போவான். போகும்போது தேவதை மாதிரி மேலே பறந்து போகிறான்! ஒரே அடியில் அனுப்பிவிட்டால் ஆட்டம் அரை நிமிஷத்தில் முடிந்து, பிள்ளை பெட்டியை மூடிவிடும். அது வியாபாரக் கணக்கு. நாற்பது வருஷம் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதியவனுக்கு அது புரிகிறது. ஆனால் இந்த மாற்றத்தில் தெருவின் பெரிய ரோதனை ஒன்றும் ஒழிந்துவிட்டது. "பட்டுச்சு", "படல", "சட்டையில பட்டுது, மேல படல" என்று எங்கள் ஆட்டத்தில் பாதி நேரம் வழக்கில் போகும். தீர்ப்பு சொல்வது யார்? பெரிய பையன். அவன் சொன்னதே சட்டம். மெஷினுக்குப் பெரியவன் சின்னவன் கிடையாது.

புதிதாகவும் ஒன்று வந்திருந்தது. நாக்கவுட் சிட்டி என்று பெயர், 2021-ல் வெளியானது. அதையும் பேரன் யூடியூபில் காட்டினான். இரண்டு அடி பட்டால் அவுட். பந்து கிடைக்காவிட்டால் ஆளே சுருண்டு பந்தாகிவிடுவான், கூட்டாளி அவனைத் தூக்கி எறியலாம்! நல்ல கற்பனைதான். ஆனால் ஊர் ஊராக இருப்பவர்கள் ஒரு கம்பெனியின் சர்வர் வழியாகச் சேர்ந்து ஆட வேண்டிய ஆட்டம் அது. 2023 ஜூனில் கம்பெனி அந்த சர்வரை நிறுத்திவிட்டது. கம்பெனி மூடினால் என்ன ஆகும் என்று திருப்பூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்கள் பந்தை மூட எவனாலும் முடியாது. வேஸ்ட் மூட்டை இருக்கும்வரை பந்து உண்டு.

இவ்வளவு எழுதிவிட்டு, என் மனதில் இருந்த குறையையும் சொல்ல வேண்டும். வலி இல்லையே! பந்தடி விளையாட்டில் எறிகிறவனும் ஒன்று கற்றுக்கொள்கிறான், எவ்வளவு வேகத்தில் எறிந்தால் எதிராளிக்கு எவ்வளவு வலிக்கும் என்று. திரையில் அடி வாங்கியவன் தேவதையாகப் பறக்கிறான், அடித்தவன் அடுத்த ஆளைப் பார்க்கிறான். இதில் பிள்ளைக்கு என்ன புத்தி வரும்? இதையே மையமாக வைத்து ஒரு பதிவு எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். பல்லடத்தில் காஜா பட்டன் மெஷின் நான்கு வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவன். இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. அன்று சொட்டு மருந்து எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. பல்ஸ் போலியோ முகாம் எல்லாம் 1995-க்குப் பிறகுதானே. 2014-ல் இந்தியாவில் போலியோ இல்லை என்று அறிவித்தபோது, பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் மெஷினில் போய் உட்கார்ந்தான் என்று அவன் சம்சாரம் சொன்னது.

வந்தவன் பேரனிடம் ஆட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தான். பட்டன் அடிக்கிற கை அல்லவா, அரை மணியில் பிடிபட்டுவிட்டது. பந்து வரும் நேரம் பார்த்துப் பிடிப்பதும், ஓடி வந்து எறிவதுமாக பேரனை இரண்டு ஆட்டம் தோற்கடித்துவிட்டான். "சின்ன அப்புச்சி சூப்பருங்க!" என்று பையன் குதிக்கிறான். நான் பக்கத்தில் இருந்து, எழுத நினைத்த விஷயத்தைச் சொன்னேன். "என்ன இருந்தாலும் வலி தெரியாத விளையாட்டுடா. நாமெல்லாம் அடி வாங்கித்தானே புத்தி கத்துக்கிட்டோம்."

அவன் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "புத்தி நீங்க கத்துக்கிட்டீங்க, செரிங்ணா. அதுக்கு என்ற முதுகுதான் சிலேட்டா கெடைச்சுதுங்களா?" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. அவனுக்கும் அதே நாள்தான் நினைவில் இருந்திருக்கும்.

கோடு போட்டு ஆடும்போது எப்போதும் முதலில் வெளியே போகிறவன் அவன்தான். அடிக்க எளிது. வெளியே போனபின் சாக்கடைப் பக்கம் போகிற பந்தைப் பொறுக்கிப் போடும் வேலையும் அவனுக்குத்தான். ஒரு நாள் முதுகு பஞ்சர் ஆட்டத்தில், கூட இருந்த பையன்கள் ஏற்றிவிட, நனைத்த பந்தை எடுத்து ஓட முடியாத என் தம்பியின் முதுகில் மூன்றடி தூரத்தில் நின்று முழு பலத்தோடு போட்டேன். அவன் குப்புற விழுந்து முன்பல் உடைந்தது. வீட்டில் தடுக்கி விழுந்ததாகத்தான் சொன்னான். இன்றுவரை எங்கள் அம்மாவுக்குத் தெரியாமலே போய்விட்டது. நான் கற்றுக்கொண்டேன் என்று பெருமையாகச் சொன்னேனே, அந்தப் புத்தி அன்றைக்கு வந்ததுதான். அதற்குப் பணம் கட்டியவன் அவன்.

அதனால் "தெரு விளையாட்டே உசத்தி" என்று எழுத எனக்கு இப்போது கை வரவில்லை. தெரு விளையாட்டில் நாம் அனுபவித்த சந்தோஷத்தை எழுதுகிறவர்கள் எல்லாம் நன்றாக ஓடியவர்கள், நன்றாக எறிந்தவர்கள். ஓரத்தில் உட்கார்ந்து பந்து பொறுக்கியவர்கள் யாரும் பிளாக் எழுதுவதில்லை. வீடியோ கேம் ஒன்றையாவது ஒழுங்காகச் செய்திருக்கிறது, கோட்டுக்கு உள்ளே நிற்க எல்லாருக்கும் இரண்டு நல்ல கால் கொடுக்கிறது.

தெரு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைத்தான் நாமே எடுத்துவிட்டோமே. எங்கள் வீதியில் காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேன், பகல் முழுக்க பீஸ் மூட்டை ஏற்றிய ஆட்டோ, வீட்டுக்கு வீடு முன் அறையில் பவர் டேபிள், வாசலில் வண்டி. இதில் பிள்ளை எங்கே நின்று பந்து எறியும்? தெருவைக் கொடுத்து வாடகை வாங்கியது நம் தலைமுறை. பழியை ஏன் ஸ்விட்ச் மேல் போட வேண்டும்? பின்னால் உள்ள லைன் வீடுகளில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த ஜனங்கள் குடியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஞாயிறு மாலை ஏழு கல் அடுக்கி, சுருட்டிய பனியன் வேஸ்ட்டால் அடித்து ஆடுகின்றன. அவர்கள் ஊரில் அதற்குப் பிட்டூ என்று பெயராம். வண்டியில் கீறல் விழுகிறது என்று அந்தப் பிள்ளைகளையும் விரட்டுகிறவர்கள் நம் வயதுக்காரர்கள்தான். நானும் ஒரு தடவை சத்தம் போட்டிருக்கிறேன். இனி போடமாட்டேன். மாநகராட்சியின் ரிசர்வ் சைட்டுகளில் நடைபாதையும் பெஞ்சும் நமக்குப் போடுகிற மாதிரி, ஒரு பக்கம் வெறும் மண்ணாகவே விடச் சொல்லி வார்டு கவுன்சிலரிடம் கேட்கலாம் என்று இருக்கிறேன். நம் நடைப்பயிற்சி நண்பர்களும் கூட வந்தால் நல்லது.

அன்றைக்கு சாப்பிட்டபிறகு பேரன் "அப்புச்சி, நீங்களும் ஒரு ஆட்டம் வாங்க" என்று ஒரு பிடியை என் கையில் கொடுத்துவிட்டான். அந்த கேமில் பீன் பால் என்று ஒரு தனி வகை இருக்கிறது. கோடு கிடையாது, கட்சி கிடையாது. ஆறு பேர் வெட்டவெளியில் நின்று, பந்து எடுத்தவன் யாரை வேண்டுமானாலும் அடிக்கலாம். சாட்சாத் முதுகு பஞ்சரே! ஒரு ஆள் நான், ஒரு ஆள் தம்பி, மிச்சம் நான்கு பேர் மெஷின்.

தட்டுத்தடுமாறிப் பந்து என் ஆள் கையில் வந்தது. தம்பியின் ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறான். நான் திருப்பி, தூரத்தில் நின்ற மெஷின் பையன் ஒருவன் மேல் எறிந்தேன். படவில்லை.

"ஏனுங்ணா, இங்க இருக்கறவன உட்டுப்போட்டு அங்க வீசறீங்க?" என்றான் தம்பி. அதற்குள் பந்து உருண்டு அவன் ஆளிடம் போய்விட்டது. எடுத்தவன் நாலடி ஓடி வந்து என் முதுகிலேயே போட்டான். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். தம்பி சிரிக்கவில்லை, அடுத்த பந்துக்கு ஓடிக்கொண்டிருந்தான்.