சிவப்புக் கோடு போட்ட கடதாசி

1985இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்து மேற்கு ஜெர்மனியில் அசூல் அடித்த, அதாவது புகலிடம் கேட்ட, ஈழத் தமிழ் இளைஞர்களில் நானும் ஒருவன். கையில் கிடைத்தது 'டுல்டுங்' என்ற கடதாசி. நாட்டில் இருக்கலாம் என்ற அனுமதி அல்ல அது. இப்போதைக்குப் பிடித்து அனுப்பமாட்டோம் என்பதே அதன் பொருள். அதை நீட்டிக்க விடியப்புறமே போய் வரிசையில் நிற்போம்.

இப்போது சனிக்கிழமைகளில் அகதிகள் விடுதி ஒன்றில் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். 2019இல் ஒருநாள், கொசோவோவைச் சேர்ந்த ரோமா அம்மா ஒருவர் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து அதே கடதாசியை எடுத்தார். இப்போது அதன் குறுக்கே சிவப்புக் கோடு. அவர் வந்தது 1999இல். இங்கேயே பிறந்த மகளிடமும் அதே கோடு. பேசிக்கொண்டே மகளிடம் 'பானி' கேட்டார். இந்திப் படங்களில் நாம் கேட்ட அதே தண்ணீர்தான். வட இந்தியாவிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ரோமாக்களின் மொழியில் அந்தச் சொல் வற்றவில்லை.

ரோமா என்றால் நாடோடிகள் என்கிறோம். அந்த அம்மா நாடோடி அல்ல. கொசோவோவின் மித்ரோவிட்சா நகரில், இபார் ஆற்றின் தென்கரையில், ஏறத்தாழ 8,000 பேர் வாழ்ந்த ரோமா மஹல்லா என்ற குடியிருப்பில் அவருக்குச் சொந்த வீடு இருந்தது. கொசோவோப் போர் முடிந்த 1999 ஜூனில், செர்பியர்களுக்குத் துணைபோனவர்கள் என்று சொல்லி அந்தப் பகுதியையே கொளுத்தினார்கள். ஓடியவர்களில் பலரை ஐ.நா. குடியமர்த்திய முகாம்கள் திரெப்சா சுரங்கத்தின் கழிவு மேடுகளுக்கு அருகில் இருந்தன. பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. இழப்பீடு கொடுக்க வேண்டுமென்று ஐ.நா.வின் ஆலோசனைக் குழுவே 2016இல் சொன்னது.

ஜெர்மனிக்குத் தப்பி வந்தவர்களுக்குக் கிடைத்தது அரசு கொடுக்கும் சோசல் காசும் டுல்டுங்கும். "சோசல் எடுத்தே சாப்பிடுதுகள்" என்று எங்கள் கோயில் அன்னதானப் பந்தியிலும் கேட்டிருக்கிறேன். ஒருகாலத்தில் எங்களைப் பற்றிச் சொன்னதும் இதுவேதான். அந்த மகளைப் பேக்கரி ஒன்றில் தொழில் பழக எடுக்க இருந்தார்கள். கடதாசியைப் பார்த்த முதலாளி, "இன்னும் எத்தனை மாதம்?" என்று கேட்டார். அவளிடம் பதில் இல்லை. அந்த இடம் வேறொருவருக்குப் போனது.

அரசால் முடியாது என்று சொல்ல வேண்டாம். 2022 மார்ச்சில் உக்ரைன்காரர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தற்காலிகப் பாதுகாப்பு கொடுத்தது. வேலை, பள்ளிக்கூடம், உதவிப்பணம் எல்லாவற்றுக்கும் வழி உடனே திறந்தது. அப்போதும் உக்ரைன் ரோமாக்களில் ஆவணம் இல்லாத பலர் வழியில் சிக்கித் தவித்தார்கள்.

அதே வருடக் கடைசியில் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. 2022 அக்டோபர் 31க்குள் ஐந்து வருடம் ஜெர்மனியில் இருந்த டுல்டுங்காரர்களுக்கு ஒன்றரை வருட விசா; 2025 கடைசி வரைதான் அது நடைமுறையில் இருந்தது. அந்த ஒன்றரை வருடத்துக்குள் வருமானம், மொழி, பாஸ்போர்ட் எல்லாம் காட்ட வேண்டியிருந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் வீட்டோடு பத்திரமும் எரிந்துபோனவர் பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவார்? கொசோவோவில் பிறப்பே பதியப்படாத பிள்ளை எதைக் காட்டும்? பதிவு அலுவலகத்தோடு எழுதிக் கதைத்து, ஆவணம் எடுத்துக் கொடுக்கும் ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கள். ஆவணம் தேடும் காலத்தை விசாக் காலத்தில் கழிக்காதீர்கள். சமூக உதவி என்றால் முதலில் இதுதான்; காசும் மொழி வகுப்பும் அதற்குப் பிறகே பலன் தரும்.

எனக்கு விசா கிடைத்த கிழமையே உணவகச் சமையலறையில் நிரந்தர வேலைக்குச் சேர்ந்தேன். அன்று தொடங்கி வரி கட்டுகிறேன். நான் திருந்திவிடவில்லை, கடதாசிதான் மாறியது. அந்த அம்மாவுக்கும் மகளுக்கும் முதலில் அதைக் கொடுங்கள். வேலைக்குப் போகாதவர் யார் என்ற கணக்கைப் பிறகு எடுக்கலாம்.