ஓடு உடைஞ்சா ஓட்டை மாத்துங்க, வீட்டை இடிக்காதீங்க

ஐப்பசி மழைக்கு முன்னாடி கூரையில ஏறிப் பார்த்தேன். தெற்குப் பக்கம் 23 ஓடு உடைஞ்சிருக்கு. முகட்டுல ரெண்டு இடத்துல சாந்து விட்டுப்போச்சு. ஒரு ரீப்பரைக் கரையான் அரிச்சிருக்கு. அவ்வளவுதான் சேதம்.

இதைச் சென்னையில இருக்கிற அண்ணன் மகன்கிட்ட சொன்னது தப்பாப் போச்சு. "எதுக்கு சித்தப்பா இந்த ரோதனை? மொத்தத்தையும் பிரிச்சுட்டு தளம் போட்டுடுங்க"ன்னான். பக்கத்து வீட்டுக்காரரோ, "நாளைக்குச் சுரங்கத்துக்கு நிலம் எடுத்தா வீடே இருக்காது, இதுக்குப் போய் செலவு பண்றியே"ங்கிறார். ஒருத்தர் இடிக்கச் சொல்றார், ஒருத்தர் அப்படியே விடச் சொல்றார். ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் இந்தப் பதில்.

முதல்ல தளம். எங்க வீட்டுல இருக்கிறது சீமை ஓடு. மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க 1865-ல ஆரம்பிச்ச ஓட்டுத் தொழில்ல இருந்து வந்த வகை. ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு ரீப்பர் மேல உக்காரும். முகடு தவிர வேற எங்கயும் சாந்து வேலை கிடையாது. ஒண்ணு உடைஞ்சா மேல இருக்கிறதை லேசாத் தூக்கி, உடைஞ்சதை உருவிட்டு வேற ஒண்ணைச் சொருகிடலாம். தளம் ஒழுகினா அப்படி ஒரு துண்டை மட்டும் கழட்டி மாட்ட முடியுமா?

"ஓட்டு வீடுன்னாலே ஒழுகும்"னு சொல்றவங்க வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்க. விரிசல்ல சிமெண்டை அப்பியிருப்பாங்க. வெயிலுக்கு ஓடு விரியறது ஒரு அளவு, சிமெண்டு விரியறது வேற அளவு. அடுத்த வருஷம் அதே இடம் பிளக்கும். அதுக்கப்புறம் பக்கத்து ஓட்டையும் உடைக்காம கழட்ட முடியாது. வியாதியை விட வைத்தியம் மோசம்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஓட்டு மேல கால் வைக்காம, கைமரத்துல பாரம் இறங்குற மாதிரி பலகை போட்டு ஏறணும். பாசியைத் தேங்காய் நாரால தேய்க்கணும். பழைய ஓடு வாங்கினா சுண்டிப் பார்க்கணும். கணீர்னு கேட்டா நல்லது, மொத்துன்னு கேட்டா உள்ளே விரிசல். ஒரு கம்பெனி ஓட்டோட இன்னொரு கம்பெனி ஓடு சரியா உக்காராது. அச்சைப் பார்த்து வாங்கணும்.

"தானே புயல்ல பறந்துச்சே?"ன்னு கேப்பீங்க. ஆமா, 2011 டிசம்பர் 30 அன்னைக்கு எங்க ஓட்டுல பாதி போச்சு. பெரும்புயலுக்குத் தளம் பாதுகாப்புதான், அதை நான் மறுக்கல. அப்புறம்தான் இறவாணத்து வரிசையையும் ஓரங்களையும் கம்பி போட்டுக் கட்டினேன். ஒரு நாள் புயலுக்குப் பயந்து வருஷத்துல பத்து மாசம் வெக்கையில வேகணுமா?

இன்னொரு வேடிக்கை. நீங்க ஊர்ல பிரிச்சு வித்த அதே ஓட்டைத்தான் கடலோர ரிசார்ட்டுக்காரர் வாங்கிப் போட்டிருக்கார். அதுக்குக் கீழே ஒரு ராத்திரி தூங்க ஆயிரக்கணக்குல கொடுத்துட்டு, "என்ன குளிர்ச்சி!"ன்னு போட்டோ எடுத்துப் போடுறீங்க.

அடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். அவர் பயம் பொய் இல்ல. 1956-ல இருந்து இந்த மண் நிலக்கரிக்கு நிலம் கொடுத்துக்கிட்டே இருக்கு. 2023 ஜூலையில வளையமாதேவியில நின்ன நெற்பயிருக்குள்ள இயந்திரம் இறங்கினதை நீங்களும் டிவியில பார்த்தீங்க. எனக்கும் ராத்திரி தூக்கம் வரலைதான். ஆனா அந்தப் பயத்துல கூரையைக் கவனிக்காம விட்டா, தண்ணி இறங்கி மண் சுவர் ஊறும், கைமரம் மக்கும். எவனும் வந்து எடுக்கிறதுக்கு முன்னாடி நாமளே வீட்டைக் கைவிட்ட மாதிரிதானே?

ஊர்ல ஓட்டு வீட்டுல அப்பா அம்மாவை விட்டுட்டு வந்தவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். தளம் போடப் பணம் சேரட்டும்னு காத்திருக்காதீங்க. ஓடு மாத்துற ஆளுக்கு இந்த மாசமே கூலி அனுப்புங்க. எங்க ஊர்ல அந்த வேலை தெரிஞ்சவங்க ரெண்டே பேர், ரெண்டு பேருக்கும் அறுபது தாண்டிடுச்சு.

நிலம் எடுக்கிற நாள் எனக்குத் தெரியாது. மழை வர்ற நாள் தெரியும். நாளைக்குக் காலையில ஏணி போடுறேன்.