நூலகச் செய்தி நூலகத்திற்குள்ளேயே நிற்கலாமா?

நூலகம் என்றவுடன் நம் மனக்கண்முன் முதலில் தோன்றுபவர் மாணாக்கரே. தேர்வு நெருங்கும் மாதங்களில் நிரம்பி வழியும் மேசைகளும், தண்டக் கட்டணத்திற்கு அஞ்சி நூலைத் திருப்பித் தர ஓடிவரும் இளைஞர்களும் அக்காட்சியில் இடம்பெறுவர். வகுப்பில் நின்று கற்பிக்கும் ஆசிரியரும், அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தரும், ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவி அடுக்கும் உதவியாளரும் அதே நூலகத்தின் வாசகர்கள் என்பது பலருக்கும் நினைவில் எழுவதில்லை. ஆசிரியர் ஏற்கெனவே கற்றவர். அலுவலருக்குப் படிப்பு எதற்கு? வெளியே சொல்லாவிடினும் இவ்வெண்ணம் நம்மிடையே வேரூன்றியே இருக்கிறது. இதன் விளைவைத் தருமபுரி மாவட்டம் போன்ற ஒரு நிலப்பகுதியில் வைத்துப் பார்க்கும்போதுதான் இழப்பின் அளவு புலப்படுகிறது.

1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது தருமபுரி. 2004இல் கிருட்டிணகிரி அதனின்றும் பிரிந்தது. அதியமான் ஆண்ட தகடூர் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். ஆயினும், உயர்கல்வியைப் பொறுத்தமட்டில் இம்மாவட்டத்தார் நெடுங்காலம் தொலைவிலிருந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தனர். 1997 வரை இங்குள்ள கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றிருந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றியபோது, ஏறத்தாழ 300 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த பல்கலைக்கழகம் கூப்பிடு தொலைவிற்கு வந்துவிட்டதாகவே ஆசிரியருலகம் மகிழ்ந்தது. பல்கலைக்கழகம் அமைந்துள்ள கருப்பூர், சேலத்திலிருந்து தருமபுரி வரும் நெடுஞ்சாலையிலேயே உள்ளது. எனினும், தொப்பூர்க் கணவாயைக் கடந்து, நூலகம் சென்று, குறிப்பெடுத்துத் திரும்புவதற்கு ஒரு முழுநாள் வேண்டும். அரூர்ப் பக்கத்தாருக்கு மஞ்சவாடிக் கணவாய். பென்னாகரத்தாருக்கோ முதலில் தருமபுரி, பிறகு கணவாய். வாரத்தில் ஐந்து நாள், சில வேளை ஆறு நாள் வகுப்பெடுக்கும் ஓர் ஆசிரியருக்கு அந்த முழுநாள் எளிதில் வாய்ப்பதில்லை. குழந்தைகளை உடைய ஆசிரியையருக்கு அது இன்னும் அரிது.

இந்நிலையில் நூலகத்தின் செயல் என்னவாக இருத்தல் வேண்டும்? வருவோரை வரவேற்பதோடு அதன் கடமை முடிந்துவிடுமா?

இவ்வினாவிற்கு விடை தேட நாம் அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணிதப் பேராசிரியராகச் சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றியவர். 1924 சனவரியில் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வகுப்பறையின் கலகலப்பில் பழகிய அவருக்கு, வாசகர் வராத அந்த அறையின் தனிமை பொறுக்கவில்லை. சில நாளிலேயே கல்லூரி முதல்வரிடம் சென்று பழைய வேலையையே திரும்பத் தருமாறு வேண்டினார். இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வருக, அதன் பின்னும் மனம் மாறாவிடில் வருக என்று முதல்வர் கூறி அனுப்பினாராம். இலண்டனில் பயின்று, அங்குள்ள பொது நூலகங்களில் தொழிலாளரும் இல்லத்தரசியரும் குழந்தைகளும் நடத்தப்படும் பாங்கைக் கண்டு 1925இல் திரும்பிய அரங்கநாதன் பழைய வேலையைக் கேட்கவில்லை. நூலடுக்குகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். வருகிறவரிடம் என்ன தேடுகிறீர் என்று கேட்டு, உடன் சென்று எடுத்துத் தரும் பணியாளரை உருவாக்கினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றுவதற்கும் அவரே காரணரானார்.

அரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளை நூலக அறிவியல் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வர். அவை நூலாக வந்தது 1931இல். அதற்கு முன்பே, 1928 டிசம்பரில் சிதம்பரம் மீனாட்சிக் கல்லூரியில் கூடிய கல்வி மாநாட்டில் அவர் அவற்றை எடுத்துரைத்தார். அதாவது, அவ்விதிகளை முதன்முதல் செவிமடுத்தோர் கல்வித்துறையினரே! அவ்வைந்தனுள் மூன்றாவதாக நிற்கும் விதியையே நாம் ஈண்டுச் சிறப்பாக எண்ணிப் பார்க்கின்றோம். அடுக்கில் உள்ள ஒவ்வொரு நூலுக்கும் எங்கோ ஒரு வாசகர் இருக்கிறார் என்பது அதன் கருத்து. அந்த வாசகரைத் தேடிக் கண்டுபிடித்துச் செய்தி சொல்லும் பொறுப்பு யாருடையது? நூல் நடந்து போகாது. வாசகருக்கோ அப்படி ஒரு நூல் இருப்பதே தெரியாது. ஆகவே அப்பொறுப்பு நூலகருடையதே. வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்னும் நான்காம் விதி, இரு கணவாய்களுக்கு இப்பால் வாழும் நமக்கு வேறெவர்க்கும் பொருந்துவதினும் மிகுதியாகப் பொருந்தும்.

தொலைவின் கொடுமையைக் கணிப்பொறியும் இணையமும் ஒருவாறு குறைத்துவிட்டன என்பதை நாம் மறுக்கவில்லை. பல்கலைக்கழக நூலகங்களை ஒன்றிணைக்கும் பொருட்டுப் பல்கலைக்கழக மானியக் குழு 1991இல் தொடங்கிய இன்ஃபிலிப்நெட் அமைப்பு, 2010இல் கல்லூரிகளுக்கென என்-லிஸ்ட் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் வழங்கி, வீட்டிலிருந்தபடியே ஆயிரக்கணக்கான இதழ்களைப் படிக்க அது வழிவகுத்தது. ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என 2009இல் விதி வந்தது. அதன் பயனாக எழுந்த சோத்கங்கா களஞ்சியத்தில் இன்று 5 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் யாவரும் கட்டணமின்றிக் காணுமாறு கிடக்கின்றன. பிறகு 2024 நவம்பரில் நடுவண் அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்றாண்டுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300 நிறுவனங்கள் என்று கணக்குச் சொல்லப்பட்டது.

கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், நடுவண், மாநில அரசுகளின் மேலாண்மையிலுள்ள நிறுவனங்களுக்கென்றே அத்திட்டம் ஒப்புதல் பெற்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். அறக்கட்டளைகள் நடத்தும் சுயநிதிக் கல்லூரிகள் அவ்வட்டத்திற்கு வெளியே நின்றன. ஒரே சாலையில் அடுத்தடுத்து அமைந்த இரு கல்லூரிகளில், ஒன்றின் ஆசிரியர் உலக இதழ்களைத் தம் மேசையில் திறந்து படிக்க, மற்றொன்றின் ஆசிரியர் கட்டுரைச் சுருக்கத்தை மட்டும் படித்துப் பெருமூச்செறியும் நிலை இது. கல்லூரிகளை நிறுவிப் பேணும் நம் பெரியோர்களிடம் ஒன்றை உரிமையோடு சொல்லிக்கொள்கிறோம். கட்டடத்திற்கும் முகப்பு வளைவிற்கும் கொடை கேட்டால் கிடைக்கிறது. கல்லில் பெயர் பொறிக்கலாம். இதழ்ச் சந்தாவில் பெயர் பொறிக்க இடமில்லை. அதனாலேயே அதற்குக் கொடையாளர் அரிதாகிவிடலாமா?

எனினும், பணத்தால் நேரும் குறையைவிடச் செய்தி எட்டாமையால் நேரும் குறையே பெரிதென்பது நம் கருத்து. நாம் அறிந்த ஒரு கல்லூரியில் மின்னிதழ்களுக்கான கடவுச்சொல் பெறும் முறையை அழகாகத் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தனர். அந்தப் பலகை இருந்த இடம் நூலகத்தின் உட்புறம்! நாள்தோறும் நூலகம் வருவோர்க்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டோர் நூலகம் வருவதில்லை. ஓராண்டு கழிந்து தாள் மஞ்சள் நிறமாகிய பிறகு, பகுதிநேர முனைவர் பட்ட ஆய்விலிருந்த ஆசிரியை ஒருவர் தற்செயலாக அதைக் கண்டார். அதற்குள் அவர் பெங்களூருக்கு மும்முறை சென்று, கைப்பணம் செலவழித்துப் படியெடுத்து வந்திருந்த கட்டுரைகள் அனைத்தும் அக்கடவுச்சொல்லுக்குள்ளேயே இருந்தன.

பதவி உயர்விற்கும் பணி நியமனத்திற்கும் ஆய்வுக் கட்டுரைகள் வேண்டப்படும் காலம் இது. பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் நம் ஆசிரியர்களைக் குறிவைக்கின்றன. நல்ல இதழ்களை அடையாளங்காட்ட 2019இல் வந்த மானியக் குழுவின் ‘கேர்’ பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இதழின் தரத்தை இனி நிறுவனங்களே ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டுமாம். பிறர் எழுத்தைத் தம்மெழுத்தாகக் காட்டுவதைத் தடுக்கும் 2018ஆம் ஆண்டு விதிகளோ, ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினாலே நடவடிக்கைக்கு வழிசெய்கின்றன. இவற்றையெல்லாம் ஓர் ஆசிரியர் தனியே அறிந்துகொள்வது எங்ஙனம்? எது நல்ல இதழ், எது வலை என்று சொல்லவல்ல பயிற்சி பெற்றவர் நூலகரே. மாதம் ஒருமுறை துறைதோறும் சென்று அரைமணி நேரம் பேசினால் எத்தனையோ பேர் ஏமாறாமல் தப்புவர்.

தமிழ்த்துறையினராகிய நமக்குரிய துன்பமும் ஒன்றுண்டு. இசுலாமியத் தமிழிலக்கியத்தை ஆராய்வோர் அறிவர்: நூல்களிற் பல மறுபதிப்புக் காணாதவை. 1973இல் திருச்சியில் கூடிய மாநாட்டிற்குப் பின் எத்தனையோ ஆய்வரங்குகள் நிகழ்ந்தன. எத்தனையோ மலர்கள் வெளிவந்தன. அம்மலர்களில் அரிய கட்டுரைகள் புதைந்து கிடக்கின்றன. நூலகப் பட்டியலிலோ மலரின் பெயர் மட்டும் ஒரு வரியாக இருக்கும். உள்ளே யார் என்ன எழுதினார் என்பது இராது. பல நூலகங்களில் அந்த ஒரு வரியும் கிடையாது. நீங்கள் கையில் ஏந்தியிருக்கும் இம்மலருக்கும் அதே கதி நேரலாம் என்பதை எண்ணும்போது எழுதுகோல் சற்றே தயங்கத்தான் செய்கிறது! மலர்க்கட்டுரைகளுக்குத் தலைப்பும் ஆசிரியரும் குறித்த அட்டவணை ஒன்றைப் பல்கலைக்கழக நூலகங்கள் தொகுக்குமாயின், அது தமிழாசிரியர்க்குச் செய்யும் தலையாய பணியாகும்.

அலுவலகப் பணியாளரைப் பற்றியும் கூறவேண்டும். பல்கலைக்கழகங்களிலும் அரசு கல்லூரிகளிலும் பணிபுரியும் இளநிலை உதவியாளர் பலர் தம் வீட்டின் முதற் பட்டதாரிகள். பதவி உயர்விற்காக அவர்கள் துறைத் தேர்வு எழுதுகின்றனர். அடிப்படை விதிகள், நிதிச் சட்டத் தொகுப்பு, அலுவலக நடைமுறை நூல் ஆகியவற்றை அவர்கள் படித்தாக வேண்டும். சில தாள்களை நூலைப் பார்த்தே எழுதலாம். ஆனால் பார்ப்பதற்கு நூல் வேண்டுமே! ஒரு படி அலுவலக அலமாரியில் பூட்டியிருக்கும். சாவி கண்காணிப்பாளரிடம் இருக்கும். அந்நூல்களைப் புதிய திருத்தங்களோடு நூலகத்தில் வைத்து, பணியாளர்க்கும் இரவல் அட்டை தந்து, மாலை ஐந்தே முக்காலுக்கு அலுவலகம் முடிந்த பின் ஒரு மணி நேரமேனும் நூலகம் திறந்திருக்குமாயின் பயன் எத்துணை! அலுவலகம் முடியும் வேளையிலேயே நூலகத்தையும் பூட்டிவிட்டால், பணியாளர்க்கு உறுப்பினர் அட்டை தந்தும் பயனில்லை.

நூலகர் பக்கத்திலும் நியாயம் உண்டு. பல இடங்களில் பணியிடங்கள் நிரப்பப்படுவதில்லை. நூல் வழங்குவதும் கணக்கு முடிப்பதும் தரமதிப்பீட்டுக் குழுவிற்குப் புள்ளிவிவரம் திரட்டுவதும் ஒருவர் தலையிலேயே விழுகின்றன. என்ன நூல் வாங்கலாம் என்று சுற்றறிக்கை விட்டால் ஆசிரியரிடமிருந்து மறுமொழி வருவதில்லை என்று அவர்கள் வருந்துவதும் உண்மையே. எனவே நாம் பெரிய திட்டம் எதனையும் கேட்கவில்லை. மாதந்தோறும் ஒரே பக்கத்தில், தமிழில், ஒரு செய்திமடல். புதிதாக வந்த நூல்கள், புதிதாகத் திறந்த மின்னிதழ்கள், மாறிய நேரம், உதவிக்கு அணுக வேண்டியவரின் தொலைபேசி எண், இவ்வளவே போதும். அது ஆசிரியர் ஓய்வறையிலும் அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டின் அருகிலும் வைக்கப்படட்டும். கைப்பேசியிலும் வரட்டும், தவறில்லை.

இன்னொன்று. தருமபுரியை அடுத்த பைசுஅள்ளியில் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுநிலை விரிவாக்க மையம் இருக்கிறது. கருப்பூர் நூலகத்தில் வேண்டும் நூலை முன்னரே குறித்தனுப்பி, வாரம் ஒருநாள் பைசுஅள்ளியில் பெற்று, அங்கேயே திருப்பித் தரும் ஏற்பாடு இணைவுக் கல்லூரிகள் அனைத்தின் ஆசிரியர்க்கும் பணியாளர்க்கும் வாய்க்குமாயின், கணவாய் கடக்கும் அந்த முழுநாள் மிச்சமாகும். மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி 1931இல் மன்னார்குடிச் சிற்றூர்களுக்கு அனுப்பிய நாடு இது. நாற்பது ஐம்பது நூல்கள் கொண்ட ஒரு பெட்டி வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் வந்துபோவது இயலாத செயலன்று. இதழ் நிறுவனங்களின் உரிம விதிகள் இடந்தரும் அளவிற்கு, சுயநிதிக் கல்லூரி ஆசிரியரும் அம்மையத்தில் அமர்ந்து மின்னிதழ் படிக்க இரண்டு கணிப்பொறிகளை ஒதுக்கலாம்.

துறையின் சார்பில் நம்மால் இயன்றதை நாம் செய்யவிருக்கிறோம். இம்மலர் வெளிவந்ததும் இரண்டு படிகள், கட்டுரைத் தலைப்புகளையும் எழுதியோர் பெயர்களையும் தனித்தாளில் அச்சிட்டு இணைத்து, பல்கலைக்கழக நூலகத்திற்கும் மாவட்ட மைய நூலகத்திற்கும் அனுப்பப்படும். முந்தைய ஆண்டுகளின் மலர்களைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் முன்னாள் மாணவர்களும் பெரியோர்களும் அவற்றைத் துறைக்குத் தந்துதவினால், அவற்றிற்கும் அவ்வாறே தலைப்புத்தாள் எழுதிச் சேர்த்தனுப்புவோம்.