காயமடைந்தவர்கள் பட்டியலில் ஒரு தொடை எலும்பு

2023 ஜனவரி 20 ஆம் திகதி இரவு, நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி ஏழு பேர் பலியானார்கள். 2025 மே 11 ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து 20 இற்கும் அதிகமானோர் இறந்தார்கள். இரண்டு தடவையும் பலியானோர் தொகை மாற மாற நாம் செய்தியைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தோம். "மேலும் பலர் காயம்" என்ற வரிக்குள் போனவர்கள் பிறகு நடந்தார்களா, வேலைக்குப் போனார்களா என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. நானும் எழுதவில்லை.

இத்தகைய விபத்துகளில் அடிக்கடி உடைவது தொடை எலும்பு. உடம்பிலேயே பெரிய எலும்பு அதுதான். வெளியில் ஒரு கீறல் கூட இல்லாமல், தொடைக்கு உள்ளேயே ஒரு லீற்றருக்கும் அதிகமான இரத்தம் கசிந்துவிடலாம். தலவாக்கலையிலிருந்து ஹட்டன் பக்கம் போனாலும் நுவரெலியா பக்கம் போனாலும் வளைவுக்கு வளைவு கால் ஆடும். ஆட ஆட இரத்தம் போகும். ஹியூ ஓவன் தோமஸ் என்ற வைத்தியர் 19 ஆம் நூற்றாண்டில் செய்த இரும்புச் சட்டம் இன்றும் அந்த ஆட்டத்தை நிறுத்தப் போதுமானது. 1990 அம்புலன்ஸ் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ மேல். ஆனால் தேயிலை மலையின் நடுவில் விழுந்தவரை வீதி வரை கொண்டுவருவது இன்றும் நான்கு பேரின் தோளும் ஒரு கம்பளியும்தான்.

எங்கள் கடைக்கு சாமான் வாங்க வரும் தோட்டத்து அக்கா ஒருவர் அப்படித்தான் மழை நாளில் கானுக்குள் வழுக்கி விழுந்தார். தொடை இரண்டாக முறிந்தது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் எலும்பைப் படமாகப் பார்க்கும் இயந்திரம் பழுது என்றார்கள். வேறு இடத்துக்கு அனுப்புவதற்குத் திகதி சொன்னார்கள், அது தள்ளிப்போனது. காலில் பாரம் தொங்கவிட்டு ஏறக்குறைய இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தார். எலும்பு ஒட்டிவிட்டது. ஆனால் கால் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிவிட்டது. "குந்தி எந்திரிக்க முடியல மொதலாளி, இனி என்னைய எந்த மலையில ஏத்துவாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

2024 இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. 2026 வரவு செலவுத் திட்டத்தில் வேலைக்கு வரும் நாளுக்கு 200 ரூபா ஊக்குவிப்பும் சேர்த்து 1,750 என்றார்கள். கட்டிலில் கிடப்பவருக்கு வரவும் இல்லை, நாட்சம்பளமும் இல்லை. காலைத் தொங்கவிடும் சிகிச்சை மலிவு என்று கணக்குப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இதற்கு மாற்று புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமல்ல. ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1939 இலேயே தொடை எலும்பின் மச்சைக் குழாய்க்குள் நீண்ட உலோகக் கம்பியை இறக்கி முறிவைப் பிடித்துக் காட்டினார். பிற்காலத்தில் அந்தக் கம்பியின் இரு முனைகளிலும் துளை வைத்து, எலும்புக்குக் குறுக்கே ஆணி முடுக்கினார்கள். அதனால் கால் குறுகாது, திரும்பாது. பெரும்பாலானோர் சில நாட்களிலேயே ஊன்றுகோலோடு எழுந்துவிடுவார்கள். சிக்கல் ஒன்றுதான். எலும்புக்குள் மறைந்திருக்கும் துளையை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் சி-ஆர்ம் எனப்படும் விலையுயர்ந்த எக்ஸ்ரே இயந்திரம். அது பழுதானால் எல்லாம் நின்றுவிடுகிறது.

வியட்நாம் யுத்தத்தில் பணியாற்றிய அமெரிக்க எலும்பு வைத்தியர் லூயிஸ் ஸிர்க்கிள் இந்த இடத்தில்தான் யோசித்தார். அவர் 1999 இல் தொடங்கிய 'சைன்' அமைப்பின் கம்பி, உள்ளே வெற்றிடமில்லாத திடமான கம்பி. எலும்புக்குள் போகும்போது எளிதில் வளையாது. கம்பியின் தலையில் ஒரு கைச்சட்டத்தைப் பொருத்தினால் அது தொடைக்கு வெளியே கம்பிக்குச் சமாந்தரமாக நிற்கும். சட்டத்தில் துளை எங்கே உள்ளதோ, உள்ளே கம்பியிலும் துளை அதற்கு நேரே. எலும்பைக் குடைவதும் கையால்தான். மின்சாரம் போனாலும் வேலை நிற்காது. வறிய நாட்டு வைத்தியசாலைகளுக்கு இதை இலவசமாகக் கொடுக்கிறார்கள். வைத்தியர் ஒவ்வொரு நோயாளரின் எக்ஸ்ரே படத்தையும் அனுப்பினால், பாவித்த கம்பிக்குப் பதிலாகப் புதியது வரும்.

எலும்பு பொருந்திவிட்டதா என்பதற்கு அவர்கள் கேட்கும் அத்தாட்சி என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. நோயாளர் தரையில் குந்தியிருந்து சிரிக்கும் ஒரு புகைப்படம். அந்த அக்காவால் முடியாமல் போனது அதுதானே. தொழுகையில் ஸுஜூதிலிருந்து எழ முடியாமல் கதிரை தேடும் நமது வாலிபர்களுக்கும் அதன் அருமை தெரியும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கருவி குறைவாக இருக்கலாம், சுத்தம் குறைவாக இருக்க முடியாது. எலும்புக்குள் கிருமி போனால் வருடக்கணக்கில் சீழ் வடியும். காலைத் தொங்கவிட்டிருந்தால் கூட அந்தக் கேடு வராது. கிருமிநீக்கும் இயந்திரம், இரத்தம், மயக்க மருந்து, பயிற்சி பெற்ற கை நான்கும் இல்லாத இடத்தில் கம்பியை மட்டும் வாங்கி வைப்பது ஆபத்து. 2022 மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலையிலேயே மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்த வேண்டி வந்தது. அங்கு நிபுணர்கள் இருந்தார்கள், இயந்திரங்கள் இருந்தன, மருந்துதான் இல்லை.

மலையகத்தில் நமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் தனவந்தர்களும் வைத்தியசாலைகளுக்குக் கட்டில், மின்விசிறி, தண்ணீர்த் தாங்கி கொடுத்து வருகிறார்கள். நல்ல காரியம்தான், பெயர்ப் பலகையும் தெளிவாகத் தெரியும். இந்த வருடம் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை எலும்புமுறிவு விடுதியின் வைத்தியரிடம் போய் உட்கார்ந்து, காலில் பாரம் தொங்க எத்தனை பேர் கிடக்கிறார்கள், எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். பழுதான இயந்திரத்தின் ஒரு உதிரிப்பாகம் என்று பதில் வரலாம். தோமஸ் சட்டம் இரண்டு என்று வரலாம். தாதி ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பும் செலவு என்றும் வரலாம். அதில் எதிலும் பெயர்ப் பலகை மாட்ட இடமிருக்காது.