விற்கும் கையும் மறுக்கும் கையும்

போர் முடிந்த பின்னர் போர்க்கருவிகள் யாதாகின்றன என்னும் வினாவை வரலாற்றாசிரியர் அதிகம் எழுப்புவதில்லை. பீரங்கி நூதனசாலையின் வாயிலை அடைகின்றது. துப்பாக்கி களஞ்சியத்தை அடைகின்றது. வாகனத்தின் நிலை வேறு. அது சுமக்கும், இழுக்கும், சேற்றில் இறங்கி ஏறும். சமாதான காலத்திலும் அதற்கு வேலை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஐக்கிய அமெரிக்கா ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகளை உற்பத்தி செய்தது. அமெரிக்கப் படைகள் பிலிப்பைன்ஸ் நாட்டில் விட்டுச் சென்ற ஜீப்புகளை அந்நாட்டுத் தொழிலாளர் நீட்டிக் கூரையிட்டு, வண்ணந்தீட்டி, ‘ஜீப்னி’ எனப் பெயருமிட்டனர். ஒரு நாட்டின் பொதுப் போக்குவரத்தே படைகளின் மிச்சத்திலிருந்து பிறந்தது.

இத்தகைய வாகனங்களை உலகுக்கு அளித்த அதே நாட்டில், இன்று ஒரு விவசாயி இராணுவத்திடம் விலைகொடுத்து வாங்கிய வாகனத்தைத் தன் ஊர் வீதியில் ஓட்டுவதற்குப் படும் பாடு நகைப்புக்கும் சினத்துக்கும் ஒருங்கே உரியதாகும். ‘ஹம்வீ’ எனப்படும் வாகனத்தை உற்பத்தி செய்ய ஏஎம் ஜெனரல் நிறுவனம் 1983இல் ஒப்பந்தம் பெற்றது. 2014 டிசம்பரில், படைகளுக்குத் தேவையற்றுப்போன ஹம்வீக்கள் பொதுமக்களுக்கென ஏலத்துக்கு வந்தன. ஏலத்தில் வென்றவர் பணத்தைச் செலுத்தினால் மட்டும் போதாது. வாகனத்தை எதற்குப் பயன்படுத்தப் போகிறார் என்பதைத் தெரிவிக்கும் இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து அனுமதி பெறுதல் வேண்டும். அதன் பின்னரே உரிமைப் பத்திரம் பெறுவதற்கான 97ஆம் இலக்க நியமப் படிவம் கைக்கு வரும். அப்படிவத்திலோ ‘வீதிக்குப் புறம்பான பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. விற்றதும் அரசு, விற்ற பொருளைப் பயன்படுத்த முடியாதவாறு முத்திரை குத்தியதும் அரசு!

இதற்குக் கூறப்படும் நியாயம் யாது? 1966ஆம் ஆண்டின் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே எழுந்த சமஷ்டி நியமங்கள், ஆயுதப் படைகளுக்கென ஒப்பந்த விவரங்களுக்கு அமையத் தயாரித்து அவற்றுக்கே நேரடியாக விற்கப்படும் வாகனங்களுக்குப் பொருந்தா. எனவே ஹம்வீயில் நியமங்களுக்கு இணங்கியதாகக் கூறும் தயாரிப்பாளரின் சான்றுப் பட்டி இராது. வாகனங்களைப் பதிவு செய்வதோ மாநிலங்களின் அதிகாரம். மாநில அலுவலகத்தின் எழுதுவினைஞர் பட்டியைத் தேடுகிறார்; பட்டி இல்லை. 1981 முதல் வழக்கிலுள்ள 17 எழுத்திலக்க அடையாளத்தைத் தேடுகிறார். இராணுவம் இட்ட தொடரிலக்கமே இருக்கின்றது. விதிவிலக்கு அளித்தது சமஷ்டி அரசு. அவ்விதிவிலக்கையே குற்றமாகக் கொள்வது மாநிலம். இருவரும் தத்தம் விதிகளை வழுவாது பின்பற்றியுள்ளனர். வாகனம் மட்டும் முற்றத்தில் துருப்பிடிக்கின்றது. மக்ஸ் வெபர் பணிக்குழு ஆட்சியின் பகுத்தறிவை விதந்துரைத்ததோடு அதன் இரும்புத் தன்மைக்கு அஞ்சியும் எழுதியமை இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது.

பாதுகாப்பு என்னும் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஹம்வீ ஏறத்தாழ ஏழடி அகலமுடையது. காற்றுப் பைகள் இல்லாதது. கவிழும் இயல்பும் உடையது. 2010 முதல் 2019 வரையான நிதியாண்டுகளில் அமெரிக்கத் தரைப்படையிலும் கடற்படைத் துருப்பினரிடையிலும் இத்தகைய வாகனங்களால் போர்க்களத்துக்கு வெளியே 3,753 விபத்துகள் நிகழ்ந்தன என்றும், 123 படையினர் மாண்டனர் என்றும் அந்நாட்டு அரச கணக்காய்வு அலுவலகம் 2021இல் அறிக்கையிட்டது. அம்மரணங்களை அலட்சியம் செய்பவன் மனிதனல்லன். ஆயின், அபாயமே காரணமாயின் அவ்வாகனத்தை விற்றதேன்? காசு பெறும்போது இல்லாத அபாயம் கடதாசி கொடுக்கும்போது மட்டும் எங்கிருந்து வந்தது?

இவ்வாதத்தின் போலித்தனம் வேறோரிடத்தில் முழுமையாக அம்பலமாகின்றது. 1997 நிதியாண்டுக்கான பாதுகாப்பு அதிகாரச் சட்டத்தின் 1033ஆம் பிரிவின் கீழ், மிகையான இராணுவ உபகரணங்கள் பொலிஸ் திணைக்களங்களுக்கு வழங்கப்பட்டு வந்துள்ளன. ஹம்வீக்களும், கண்ணிவெடிக்கு ஈடுகொடுக்கும் கனரக வாகனங்களும் அவற்றுள் அடங்கும். அதே அகலம், அதே பாரம், அதே காற்றுப் பையின்மை! இவற்றைப் பொலிசார் நகர வீதிகளில் ஓட்டுவதற்குப் பட்டி தடையாகவில்லை. 2014 ஓகஸ்டில் மிசூரி மாநிலத்தின் பேர்கசன் நகரில், ஆயுதமற்ற கறுப்பின இளைஞர் ஒருவர் பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்டதை எதிர்த்துத் திரண்ட மக்களுக்கு முன்னே கவச வாகனங்கள் வந்து நின்ற காட்சியை உலகம் கண்டது. குடிமகனுக்கு எதிராக வீதிக்கு வர இராணுவ வாகனத்துக்குத் தகுதி உண்டு. குடிமகனுக்காக வைக்கோல் சுமக்க அதற்குத் தகுதி இல்லை! ஆளும் வர்க்கத்தின் பாதுகாப்பு நியமம் யாரைப் பாதுகாக்கின்றது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் விளக்கும்?

மாற்று வழி இல்லை என்பதும் பொய். ஜேர்மனியின் வீதிப் போக்குவரத்து அனுமதி ஒழுங்குவிதிகளின் 21ஆம் பிரிவு, வகை அங்கீகாரமற்ற தனி வாகனத்தை அங்கீகாரம் பெற்ற நிபுணரைக் கொண்டு பரிசோதித்து அனுமதிக்க இடமளிக்கின்றது. தடுப்பு, விளக்கு, சுக்கான் முதலியன நேரிற் சோதிக்கப்படும். குறையிருப்பின் திருத்திய பின்னரே வீதி. நிபுணர் பார்ப்பது இரும்பை. ஆயின் பட்டி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தைத் திருப்புமிடத்து, எழுதுவினைஞர் அவ்வாகனத்தைக் கண்ணாற் காண்பதுமில்லை.

இன்னொன்று. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடுவதால், வசதி படைத்தோர் மொன்ரானா மாநிலத்தில் பெயரளவில் ஒரு கம்பனியை அமைத்து, அக்கம்பனியின் பெயரில் வாகனத்தைப் பதிவு செய்து, தம் சொந்த மாநிலத்திலேயே ஓட்டுகின்றனர். இதற்கென்றே கட்டணம் பெறும் முகவர்களும் உள்ளனர். வாகனத்தின் அபாயம் இதனால் அணுவளவும் குறைவதில்லை. சட்டத்தரணிக்கும் முகவருக்கும் கொடுக்கப் பணமில்லாத விவசாயியின் ஹம்வீ மட்டும் அவனது தோட்ட வேலிக்குள்ளேயே நிற்கின்றது.