பமீலாவைப் படிக்காமல் பமீலாவைப் பற்றி எழுதுவது எப்படி?

ஆங்கில இலக்கியம் படித்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்: "ஆங்கில நாவலின் தந்தை யார்?" பட்டென்று பதில் வரும், டேனியல் டிஃபோ என்று. ரிச்சர்ட்சன், ஃபீல்டிங் என்று இன்னும் இரண்டு தந்தைகளையும் சிலர் சேர்த்துச் சொல்வார்கள். "சரி, இவங்க எழுதினதுல எதை முழுசா படிச்சீங்க?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

நானும் நம் ஊர்க் கல்லூரி ஒன்றில் முதுகலை ஆங்கிலம் படித்தவன்தான். 'ஆங்கில நாவலின் வளர்ச்சி' என்ற பகுதியில் நல்ல மதிப்பெண் வாங்க நாவல் எதுவும் படிக்க வேண்டியதில்லை என்பது இரண்டாவது வாரத்திலேயே வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. "டெக்ஸ்ட் எல்லாம் எதுக்குடா, கைடு போதும்" என்பார்கள் சீனியர்கள். மாணவர்களின் சோம்பேறித்தனம் என்று இதைத் திட்டுவது ஆசிரியர்களுக்கு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வினாத்தாள் எதைக் கேட்கிறது என்று அந்த சீனியர்கள் சரியாகத்தான் புரிந்துவைத்திருந்தார்கள். வரிசையைக் கேட்டால் வரிசையைத்தானே மனப்பாடம் செய்வார்கள்?

அந்த வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1719இல் 'ராபின்சன் குரூசோ'. 1740இல் 'பமீலா'. 1749இல் 'டாம் ஜோன்ஸ்'. பிறகு ஸ்மாலெட், ஸ்டெர்ன். ரிச்சர்ட்சன், ஃபீல்டிங், ஸ்மாலெட், ஸ்டெர்ன் நால்வரும் நாவல் என்ற வண்டியின் நான்கு சக்கரங்கள் என்று செயின்ட்ஸ்பரி சொன்ன உவமை இன்றும் நம் கைடுகளில் உருண்டுகொண்டிருக்கிறது. அப்புறம் ஆஸ்டென், டிக்கன்ஸ், ஹார்டி. படிப்படியாக ஏறி மாடிக்குப் போன மாதிரி ஒரு கதை.

என் வாதம் இதுதான்: இந்த ஏணியே ஒரு கட்டுக்கதை. நாவலைக் கொல்வதும் இதுதான்.

எலைசா ஹேவுட்டின் 'லவ் இன் எக்செஸ்' நாவலின் முதல் பாகம் வெளிவந்ததும் குரூசோ வந்த அதே 1719இல்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1688இல், ஆஃப்ரா பென் 'ஒரூனோக்கோ' எழுதிவிட்டார். 'டான் கிஹோத்தே' 1612லேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. 'ஜோசஃப் ஆண்ட்ரூஸ்' நாவலை செர்வாண்டிஸின் பாணியில் எழுதியதாக ஃபீல்டிங் தலைப்புப் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார். தீவில் தனியாக வளரும் மனிதனைப் பற்றி இப்னு துஃபைல் எழுதிய அரபுக் கதையும் 1708இல் ஆங்கிலத்தில் கிடைத்தது. இங்கிலாந்து மண்ணில் தானாக முளைத்த செடி என்றால் இவற்றையெல்லாம் எங்கே வைப்பது? அதனால் வைக்கவே இல்லை.

இந்தப் பாடத்தின் வேதநூல் இயன் வாட் 1957இல் எழுதிய 'தி ரைஸ் ஆஃப் த நாவல்'. பெரிய நூல்தான், மறுக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு நாவல்களில் பெரும்பாலானவற்றைப் பெண்களே எழுதினார்கள் என்பதை அவரே அதில் சொல்கிறார். சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவர் எடுத்துக்கொண்டது டிஃபோ, ரிச்சர்ட்சன், ஃபீல்டிங் மூவரை மட்டும். ஆஸ்டெனுக்கு முன்பிருந்த நூறு பெண் எழுத்தாளர்கள் பற்றி டேல் ஸ்பெண்டர் 1986இல் ஒரு புத்தகமே போட்டார். நான் படித்த பாடத்தில் ஹேவுட்டின் பெயர்கூட இல்லை.

சரி, பெயர்களைச் சேர்த்துவிட்டால் தீர்ந்ததா? தீராது. ஏணியில் இன்னும் நாலு படி கூடும், அவ்வளவுதான். கோளாறு 'வளர்ச்சி' என்ற சொல்லிலேயே இருக்கிறது.

'பமீலா'வையே எடுத்துக்கொள்வோம். பதினைந்து வயது வேலைக்காரப் பெண். எஜமானி இறந்ததும் அவள் மகன் இவளைத் துரத்துகிறான். நடப்பதையெல்லாம் ஏழைப் பெற்றோருக்குக் கடிதமாக எழுதுகிறாள். கடைசியில் அவனையே கல்யாணம் செய்துகொள்கிறாள். புத்தகம் வந்ததும் ஊர் இரண்டுபட்டது. 'இவ உத்தமியா, இல்ல வலை விரிச்சவளா?' 1741இல் 'ஷாமெலா' என்ற கேலி நூல் வந்தது. ஃபீல்டிங் பெயர் போடாமல் எழுதியது. அதே ஆண்டு ஹேவுட் 'ஆன்டி-பமீலா' எழுதினார். 1742இல் ஃபீல்டிங் பமீலாவுக்கு ஒரு சகோதரனை உண்டாக்கி, அவனை எஜமானி துரத்துவதாக 'ஜோசஃப் ஆண்ட்ரூஸ்' எழுதினார்.

இதில் வளர்ச்சி எங்கே இருக்கிறது? நடந்தது சண்டை. ஒரு வேலைக்காரப் பெண் தன் வாயால் சொல்வதை நம்பலாமா என்ற சண்டை. அது இன்றும் தீரவில்லை. புகார் கொடுக்கும் ஒவ்வொரு பெண்ணிடமும் நாம் கேட்கும் கேள்வி அது. இருபது வயது மாணவியிடம் இதைக் கொடுத்தால் வகுப்பு தீப்பற்றும். நாம் கொடுப்பதோ 'கடித வடிவ நாவல், உளவியல் யதார்த்தம், ஐந்து மதிப்பெண்'.

ஏணிக் கதையில் காசும் கிடையாது. விக்டோரியா காலத்து நாவல்கள் ஏன் மூன்று பாகமாக வந்தன? கலைத் தேவையால் அல்ல. மூன்று பாகத்தின் விலை முப்பத்தொன்றரை ஷில்லிங், விவசாயக் கூலியின் இரண்டு வாரச் சம்பளத்துக்கும் மேல். அதனால் வசதியுள்ளவர்களும் மூடியின் வாடகை நூலகத்தில் ஆண்டுக்கு ஒரு கினி கட்டி இரவல் வாங்கினார்கள். மூடி வாங்க மறுத்தால் எழுத்தாளன் கதி அதோகதி. 1894இல் வாடகை நூலகங்கள் கையை விரித்ததும் மூன்று பாக நாவல் சில ஆண்டுகளில் செத்தது. இது தெரியாமல் 'விக்டோரியா நாவலின் வடிவம்' என்று கட்டுரை எழுதி என்ன பயன்?

எதிர்வாதம் தெரியும். "நம்ம பசங்களுக்கு அந்த இங்கிலீஷ் புரியாது சார். 'கிளாரிசா' கிட்டத்தட்ட பத்து லட்சம் வார்த்தை. யார் படிப்பா?" நியாயம். அப்படியானால் 'கிளாரிசா'வை ஏன் பெயரளவில் வைத்திருக்கிறீர்கள்? படிக்க முடியாத பத்து நாவல்களின் பட்டியலைவிடப் படித்து முடித்த ஒன்று மேல்.

இந்த ஏணி தமிழிலும் வந்து சாய்ந்திருக்கிறது என்பதுதான் எனக்கு ஆத்திரம். 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' நாவலா, ரொமான்ஸா என்று இன்னும் அளந்துகொண்டிருக்கிறோம். அளவுகோல் எங்கே செய்தது என்று கேட்பதில்லை. ஆரணி குப்புசாமி முதலியார் தழுவி எழுதியது ரெயினால்ட்ஸின் நாவல்களை. நம் முன்னோர் ஆவலாகப் படித்த அந்த ஆங்கிலேயர் ஏணியின் எந்தப் படியிலும் இல்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. ஒரு பருவத்துக்கு இரண்டே நாவல்கள், ஒன்றோடு ஒன்று மோதுகிற இரண்டு. 'பமீலா'வின் முதல் பாதியும் 'ஷாமெலா' முழுவதும் போதும். தேர்வுக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதட்டும். கேள்வி ஒன்றே ஒன்று: இவளை நீ நம்புகிறாயா, எந்தப் பக்கத்தில் நம்பத் தொடங்கினாய், எந்தப் பக்கத்தில் சந்தேகம் வந்தது? இதற்கு விடை எழுத கைடு போடட்டும், பார்க்கலாம்.